முட்டை ஏலம்

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து
பந்தலில் ஏலம்.
முதலில் போனது ஒரு செந்துளுவன் குலை,
பிறகு வரிக்கைச் சக்கை,
கால் கட்டிய சேவல்,
ரப்பர் ஷீட் ஆறு, மரச்சீனி ஒரு மூடு.
நான் விளிப்பவன் இல்லை, எழுதுபவன்.
அருமனையில் கூட்டுறவு வங்கிக்கு ஆறு நாள்,
ஏழாம் நாள் சபைக்கு.
பெயர், பொருள், தொகை.
கடன் சொன்னவருக்கு நேரே
சின்னதாய் ஒரு புள்ளி.

பதினொரு வருஷமாய் எனக்குத் தெரியும்
யார் எவ்வளவென்று.
கோபுரத்துக்கு லட்சம் தந்தவர்
கல்லில் தம் பெயர் சிறிதாய் வெட்டப்பட்டதென்று
மூன்று கமிட்டியில் பேசியது தெரியும்.
பெயரெழுதாத ஒரு கவரில்
மாதாமாதம் வரும் நோட்டு
ஒட்டுப்பால் நாறும்;
ஆகவே அந்தப் பால்வெட்டுக்காரர் யாரென்றும் தெரியும்.
என் கவரில் எவ்வளவென்பது
நான் மட்டும் எண்ணுவது.
அதை இங்கே சொல்லப்போவதில்லை.

அப்போதுதான் அந்த முட்டை வந்தது.
கொண்டுவந்தவள் விஜிலா,
அண்டி ஆபீசில் தோடு உடைக்கிறவள்.
அண்டிப்பால் பட்டுக் கறுத்த விரல்களில்
அது அதிக வெள்ளையாய்த் தெரிந்தது.
“ஒரு முட்டைக்கு என்னத்த விளிக்க?”
பின்னாலிருந்து ஒரு குரல், கொஞ்சம் சிரிப்பு.
உபதேசியார் றசலையன்
அதை உள்ளங்கையில் உயர்த்தி
“பத்து ரூபாய்” என்று தொடங்கினார்.

ஐம்பதுக்கு எடுத்தார் டெம்போ ஓட்டும் ஜெபின்.
எடுத்த கையோடு “சபைக்கே” என்று திருப்பித் தந்தார்.
மறுபடி ஏலம். நூற்றிருபது. சபைக்கே.
மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவன் எழுநூறு. சபைக்கே.
கோபுரத்துக்காரர் இரண்டாயிரம்;
மைக்கில் பெயர் வரும்வரை நின்றுவிட்டு, சபைக்கே.
பாலர் வகுப்புப் பிள்ளைகள்
சில்லறை சேர்த்து முப்பத்தேழு.
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை,
கேட்க மனசு வரவில்லை.

ஒன்பது கை மாறியும்
ஒரு கீறல் இல்லை அதில்.
இவ்வளவு கவனமாய் நாங்கள்
எதையும் பிடித்து நான் பார்த்ததில்லை,
ஒருவரையொருவர்கூட.

அடியில் கூட்டிப் போட்டேன்: நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.
விஜிலா பந்தல்காலைப் பிடித்தபடி நின்றாள்.
அவள் பெயர் ஒரு வரியிலும் இல்லை.
விளித்தவருக்குத்தான் என் நோட்டில் பத்தி,
கொண்டுவந்தவருக்கு நான் கோடே போட்டதில்லை.

“கணக்கரே, நீரும் ஒண்ணு விளியும்.”
உபதேசியார் மைக்கிலேயே சொல்லிவிட்டார்.
பையில் ஐந்நூறு இருந்தது,
கண்ணாடி மாற்றவென்று எடுத்துவைத்தது.

ரப்பருக்கு முதல் வெட்டு போடும்போது
பட்டைக்குள் எங்கோ வலிக்கும் என்று
சின்ன வயதில் நினைத்ததுண்டு.
அந்த இடத்தில்தான் எனக்கும் வலித்தது.
வெட்டாத மரத்திலும் பால் உண்டு,
யாருக்குமில்லாத பால்.
(ஆழமாய் வெட்டினால் மரம் பட்டுப்போகும்.
அதைக் கமிட்டியில் சொல்ல வேண்டும்,
அந்தக் கடன் புள்ளிகளைக் காட்டி.
அது வேறொரு நாள்.)

“ஐந்நூறு” என்றேன்.
அடுத்த சொல்லுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.
நான் சொல்லவில்லை.
முட்டையைக் கைக்குட்டையில் பொதிந்து
எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பக்கத்து வீட்டில் சுகுமாரன்,
கமுகிலிருந்து விழுந்து
நாலு மாசமாய் இடுப்பசையாமல் கிடப்பவன்.
எங்கள் சபை இல்லை. எந்தச் சபையும் இல்லை.
அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள்,
அடுப்பு ஆறியிருந்தது.

சட்டி விளிம்பில் தட்டுமுன்
ஒரு கணம் கை நின்றது.
இத்தனை ரூபாய்க்கு விலைபோன முட்டை
முழுசாய் இருந்தவரை
ஒரு வயிற்றிலும் இறங்கவில்லை.
பீடத்தில் ஐயர் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கையில்
அழகாய்த்தான் இருக்கும்.
பிட்ட பிறகே எங்கள் கைகள் நீளும்.

உடைத்தேன்.

சுகுமாரன் ஒரு வாய் தின்றுவிட்டு
“உப்பு போடல்லியா?” என்றான்.
உப்பெடுக்க வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.